முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் முழுசாகக் கிழிந்திருக்கிறதாம்: அடுத்த வாரமே அறுவை சிகிச்சையா, பொறுத்துப் பார்க்கலாமா?

சிறகடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. வாரத்தில் மூன்று நாள் பேட்மிண்டன் ஆடுகிறவன். பதினேழு நாளைக்கு முன்னால், பின்பக்கம் பறந்த பந்தைக் குதித்து அடித்துவிட்டு இடது காலில் இறங்கினேன். யாரும் என்மேல் மோதவில்லை, தரையும் வழுக்கவில்லை. பாதம் ஊன்றிய இடத்திலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். மட்டை தரையில் அடிபட்டுவிட்டதா என்று எதிர்ப்பக்கம் நின்றவர் கேட்கும் அளவுக்குச் சத்தம்.

எழுந்து நான்கைந்து அடி நடந்தேன். சுளுக்குதான் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது, முட்டி உப்பிப்போய் சில்லு இருக்கும் இடமே தெரியவில்லை.

எம்ஆர்ஐ அறிக்கையில் இருப்பது: ஏசிஎல் முழுக் கிழிசல், உள்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதியில் ஒரு கிழிசல், எம்சிஎல்லில் முதல் நிலைக் காயம், எலும்பில் ரத்தக்கட்டு, மூட்டுக்குள் நீர்.

முதலில் பார்த்த அறுவை மருத்துவர், "கிழிந்தது ஒட்டாது, அடுத்த வாரமே செய்துவிடலாம்" என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர், "வீக்கம் வடியட்டும், மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்" என்றார். இரண்டு பேருமே அனுபவசாலிகள். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறேன், ஆனால் நொண்டுகிறேன். காலை முழுசாக நீட்ட முடியவில்லை. நேற்று சமையலறையில் சட்டென்று திரும்பியபோது முட்டி ஒருமுறை விலகியதுபோல் ஆனது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு வயது 58. ஒரு வருடமாக அவருக்கும் முட்டி வலி, அவர் ஸ்கேனிலும் மெனிஸ்கஸ் கிழிசல் என்றே வந்திருக்கிறது. "நாம் இருவரும் ஒன்றாகவே அறுவைக்குப் படுத்துக்கொள்ளலாம்" என்கிறார். அவருக்கும் எனக்கும் ஒரே பிரச்சினைதானா?

---

நீள்நடை எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படிக்கும்போதே என் கை தானாக என் இடது முட்டிக்குப் போய்விட்டது. பதினோரு வருடத்துக்கு முன்னால் கைப்பந்தில் வலையோரம் குதித்து இறங்கினேன். இதே சத்தம், இதே இரண்டு மணி நேர வீக்கம். அப்போது எனக்கு வயது 24. நான் மருத்துவர் இல்லை. ஆனால் அந்த முட்டியோடு பதினோரு வருடம் வாழ்ந்திருக்கிறேன், அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் அறிக்கை. நாம் எல்லாவற்றையும் "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. உங்களுக்குக் காயம்பட்டவை மூன்று வேறு வேறு பொருள்கள், மூன்றும் மூன்று விதமாக ஆறும்.

எம்சிஎல் முழங்காலின் உள்பக்கத்தில் அகலமான பட்டைபோல் படிந்திருக்கும் தசைநார். அதற்கு ரத்த ஓட்டம் நன்றாக உண்டு, தானாகவே ஆறிவிடும். முதல் நிலைக் காயம் சில வாரத்தில் சரியாகும். முழுசாகக் கிழிந்தாலும் தனியாக அது மட்டும் கிழிந்திருந்தால் பெரும்பாலும் பிரேஸ் போட்டு ஆறவிடுவதுதான் வழக்கம். ஆகவே அந்த வரியைப் படித்துத் தூக்கம் கெட வேண்டாம். எலும்பில் ரத்தக்கட்டு என்பதும் முறிவு அல்ல. இறங்கும்போது தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் மோதிக்கொண்ட தடம் அது. மறைய மாதக்கணக்கில் ஆகலாம், ஆனால் மறையும்.

ஏசிஎல் மூட்டின் நடுவில் குறுக்காக ஓடும் கயிறு. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், முட்டி முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. அது மூட்டு நீருக்கு நடுவில் இருப்பதால் கிழிந்த இரண்டு நுனிகளுக்கும் இடையில் ரத்தம் உறைந்து பாலம் கட்ட வழியில்லாமல் போகிறது. சிலருக்குச் சேர்ந்துகொண்டதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. முதல் மருத்துவர் சொன்னது இந்த அளவில் உண்மை.

மெனிஸ்கஸ் என்பது இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் இருக்கும் மெத்தை. அதன் வெளி ஓரத்துக்கு ரத்தம் வருகிறது, உள் ஓரத்துக்கு வருவதில்லை. வெளி ஓரத்தில் கிழிந்தால் தைத்து ஒட்ட வைக்கலாம். உள் ஓரத்தில் கிழிந்தால் தையல் பிடிப்பது கடினம், தொந்தரவு தந்தால் அந்தத் துணுக்கை மட்டும் நறுக்கி எடுப்பார்கள். மெத்தையை எவ்வளவு காப்பாற்ற முடியுமோ அவ்வளவு காப்பாற்ற வேண்டும், ஏனென்றால் நறுக்கிய பகுதி திரும்ப முளைக்காது, பின்னாளில் மூட்டுத் தேய்மானத்துக்கு வழி விடும். உங்கள் அறிக்கையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஏசிஎல் இல்லை, இந்த மெனிஸ்கஸ் வரிதான். அந்தக் கிழிசல் எந்த இடத்தில், எவ்வளவு நீளம், தைக்கக் கூடியதா என்று இரண்டு மருத்துவரிடமும் கேளுங்கள். தைக்க வேண்டிய கிழிசல் என்றால் மாதக்கணக்கில் காத்திருப்பது சரியாக இருக்காது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "கிழிந்தது ஒட்டாது" என்பது சரி. "ஆகவே அடுத்த வாரம் அறுவை" என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது. ஸ்வீடனில் 18 முதல் 35 வயதுக்குள் இருந்த 121 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010-இல் வெளியானது. எல்லோரும் விளையாடுகிறவர்கள், எல்லோருக்கும் புதிதாக ஏசிஎல் கிழிந்திருந்தது. ஒரு பாதிக்குச் சீக்கிரமே அறுவை செய்து பயிற்சி கொடுத்தார்கள். மறு பாதிக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பின்னால் அறுவை. இரண்டு வருடம் கழித்து வலி, அன்றாட வேலை, விளையாட்டு என்று கேட்டுப் பார்த்ததில் இரு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சிக் கூட்டத்தில் இருந்த 59 பேரில் 23 பேர் இரண்டு வருடத்துக்குள் அறுவை செய்துகொண்டார்கள், ஐந்து வருடத்தில் அது 30 ஆனது. பாதிப் பேருக்குத் தேவைப்பட்டது, பாதிப் பேருக்குத் தேவைப்படவே இல்லை. நீங்கள் எந்தப் பாதி என்பதை எம்ஆர்ஐ படம் சொல்லாது. தொடைத் தசை திரும்ப வந்த பிறகு உங்கள் முட்டி விலகுகிறதா, நிற்கிறதா என்பதுதான் சொல்லும்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு 19-ஆம் நாளே அறுவை நடந்தது. அன்று முட்டி வீங்கியிருந்தது, தொட்டால் சூடு, கால் முழுசாக நீளவில்லை. அறுவை மேஜையில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன், அவசரப்பட்டதில் என் பங்கும் பாதி. அறுந்த ஏசிஎல்லுக்குப் பதிலாக வைத்த புது நார் நன்றாகவே பொருத்தப்பட்டிருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொதித்துக்கொண்டிருந்த மூட்டில் கத்தி பட்டதால் உள்ளே தழும்புத் திசு வளர்ந்துவிட்டது. மூன்று மாதம் ஆகியும் கால் நீளவில்லை. நிற்கும்போது இடது முட்டி எப்போதும் லேசாக மடிந்தே இருக்கும். கடைசி சில டிகிரிதானே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தச் சில டிகிரி இல்லாவிட்டால் தொடைத் தசைக்கு ஓய்வே கிடையாது. பத்து நிமிடம் நின்றால் தொடை நடுங்கும். நடை நொண்டும், அந்த நொண்டலில் இடுப்பும் வலிக்க ஆரம்பிக்கும்.

அந்த நாட்களில் ராத்திரி கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே கால்களை விளிம்புக்கு வெளியே தொங்கவிடுவேன். வலது குதிகால் கீழே இருக்கும், இடது குதிகால் மேலே நிற்கும். நடுவில் இருக்கும் இடைவெளியை அக்கா விரல் வைத்து அளப்பாள். நான்கு விரல். மறுநாளும் நான்கு விரல். ஒரு மாதம் பாடுபட்டு மூன்றரை ஆனது. ஐந்தாவது மாதம் மறுபடியும் துளை போட்டு அந்தத் தழும்பை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு குதிகாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

அதனால்தான் சொல்கிறேன், அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் உங்களுக்கு இந்த மாத வேலை ஒன்றுதான்: வீக்கத்தை இறக்குங்கள், காலை முழுசாக நீட்டுங்கள், தொடையின் முன்தசையை எழுப்புங்கள். மறு காலைப் போலவே நீள வேண்டும், நொண்டாமல் நடக்க வேண்டும். அந்த நிலையில் முடிவெடுத்தால் எந்த முடிவும் தாங்கும்.

இதற்கு விலக்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. முட்டி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு, யார் முயன்றாலும் நீளாமல் நின்றால், கிழிந்த மெனிஸ்கஸ் மடிந்து உள்ளே சிக்கியிருக்கலாம். அது காத்திருக்கிற விஷயம் இல்லை. இரண்டு மூன்று தசைநார்கள் சேர்ந்து அறுந்திருந்தாலும், எலும்பு முறிந்திருந்தாலும் அப்படித்தான். பாதம் சில்லிட்டாலோ மரத்துப்போனாலோ அந்த நிமிடமே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும், ரத்தக் குழாய் அடிபட்டிருக்கலாம்.

நேற்று சமையலறையில் விலகியதாகச் சொன்னீர்களே, அதைக் குறித்து வையுங்கள். ஒருமுறை விலகியது தசை தூங்குவதாலும் இருக்கலாம். ஆனால் திரும்பத் திரும்ப விலகினால் ஒவ்வொரு தடவையும் மெனிஸ்கஸ் நசுங்குகிறது. பயிற்சி செய்தும் அப்படி நடந்தால் அறுவை செய்துகொள்வதுதான் மூட்டுக்கு நல்லது. பொறுத்துப் பார்ப்பது என்றால் சும்மா இருப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

---

தசைநார் எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட். நீள்நடை அண்ணன் சொன்னதோடு சில விஷயம் சேர்க்கிறேன்.

காயத்துக்குப் பிறகு தொடை முன்தசை வேலை செய்யாதது சோம்பலும் இல்லை, பயமும் இல்லை. மூட்டுக்குள் நீர் கோத்தால், அந்தத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே தணித்துவிடுகிறது. அதனால் தசையை எழுப்புவதும் வீக்கத்தை இறக்குவதும் கைகோத்துத்தான் நடக்கும். காலை நீட்டி உட்கார்ந்து, குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முட்டியின் பின்பக்கத்தைக் கீழே அழுத்துங்கள், ஐந்து எண்ணும் வரை. சில்லுக்கு மேலே உள்பக்கம் விரல் வைத்துப் பாருங்கள். முதல் நாள் அங்கே ஒன்றும் அசையாது. சில நாளில் மீன் துள்ளுவதுபோல் ஒரு துடிப்பு தெரியும். அதுதான் ஆரம்பம். சில்லு தொடையை நோக்கி மேலேறுவது கண்ணுக்குத் தெரிந்தால் தசை திரும்பிவிட்டது. மணிக்கு ஒருதரம் பத்துப் பத்தாகச் செய்யலாம்.

அடுத்து, நேராக நீட்டிய காலைத் தூக்குவது. தூக்கும்போது முட்டி லேசாக மடிந்து, குதிகால் பின்தங்கினால் இன்னும் தயார் இல்லை என்று பொருள். மடியாமல் தூக்க வரும்வரை ஊன்றுகோலை ஓரமாக வைக்க வேண்டாம். நொண்டி நடந்து பழகுவதைவிட ஊன்றுகோலோடு நேராக நடப்பது நல்லது. இதை என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் சண்டை போட்டுத்தான் சம்மதிக்க வைக்கிறேன்.

முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். இதமாக இருக்கும், ஆனால் மடங்கிய நிலையிலேயே மூட்டு இறுகிவிடும். வைப்பதாக இருந்தால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: முட்டியில் அடிபட்டதும் எல்லோருக்கும் எக்ஸ்ரே தேவையில்லை. ஒட்டாவா விதி என்று ஒன்று உண்டு. வயது 55 அல்லது அதற்கு மேல், முட்டிச் சில்லில் மட்டும் தொட்டால் வலி, வெளிப்பக்கம் ஃபிபுலா என்ற மெல்லிய கீழ்க்கால் எலும்பின் தலையில் தொட்டால் வலி, 90 டிகிரி மடக்க முடியாமை, அடிபட்ட உடனேயும் பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமை; இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வீக்கம் வந்த நேரமும் ஒரு துப்பு. ஓரிரு மணி நேரத்தில் உப்பினால் உள்ளே ரத்தம். ஏசிஎல் கிழிசல், சில்லு விலகல், முறிவு என்று சந்தேகப்பட வேண்டும். மறுநாள் காலையில் மெல்ல வீங்கியிருந்தால் மெனிஸ்கஸ் பக்கம் யோசிப்போம்.

கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் வந்தால், அல்லது திடீரென மூச்சு வாங்கினால், ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி இருக்கலாம். முட்டி சிவந்து கொதித்துக் காய்ச்சலும் வந்தால் மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம். இரண்டுக்கும் அன்றே மருத்துவமனை.

---

சிறகடி எழுதியது:

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி குப்புறப் படுத்துப் பார்த்தேன். தங்கை அளந்தாள், மூன்று விரல் இடைவெளி. அந்தத் துண்டுப் பயிற்சியில் இன்னும் துடிப்பு வரவில்லை, வலது காலில் மட்டும் வருகிறது.

இரண்டு கேள்வி. ஒருவேளை அறுவை என்று ஆனால், நாரை எங்கிருந்து எடுப்பது என்று முதல் மருத்துவர் என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்று, ஆறு மாதத்தில் விளையாடிவிடலாம் என்றார். உண்மையா?

---

நீள்நடை எழுதியது:

மூன்று விரல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, பதினெட்டாம் நாள்தானே.

நார் விஷயம். பெரும்பாலும் நம் உடம்பிலிருந்தே எடுப்பார்கள். பின்தொடையில் இருந்து எடுப்பது ஒன்று. எனக்கு அதுதான். முட்டிக்கு முன்னால் வலி இல்லை, ஆனால் வேகமாக ஓடும்போதும் குதிகாலைப் பின்னால் மடக்கும்போதும் இன்றும் ஒரு பலக்குறைவு தெரிகிறது. இரண்டாவது, சில்லுக்குக் கீழே இருக்கும் நாரின் நடுப்பட்டையை இருபக்கமும் எலும்புத் துண்டோடு எடுப்பது. எலும்போடு எலும்பு ஒட்டுவதால் சீக்கிரம் பிடிக்கும், ஆனால் மண்டியிட்டால் வலிக்கும். வேலையில் அடிக்கடி மண்டியிடுகிறவர்கள் அதை யோசிக்க வேண்டும். மூன்றாவது, சில்லுக்கு மேலே தொடைத் தசையின் நாரிலிருந்து எடுப்பது. இறந்தவர் தானமாகத் தந்த நாரும் உண்டு, ஆனால் விளையாடும் இளவயதுக்காரர்களுக்கு அது மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம். என் கருத்து, எந்த நாரை அந்த மருத்துவர் அதிகம் பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேளுங்கள். அவர் கை பழகியதற்கு மதிப்பு கொடுங்கள்.

ஆறு மாதம் பற்றி எனக்குக் கொஞ்சம் ஆத்திரம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். வைத்த நார் வைத்த அன்று பலமாக இருக்கும். அப்புறம் அதில் இருந்த செல்கள் மடிந்து, புதிய ரத்தக் குழாய்கள் நுழைந்து, அது மெல்ல மெல்ல தசைநாராக மாறும். அந்த மாற்றத்தில் முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு கட்டத்தில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். கொடுமை என்னவென்றால், அந்த நேரத்தில்தான் நமக்கு வலி போய், வீக்கம் போய், ஓடலாம் போலத் தோன்றும். என்னோடு பயிற்சிக்கு வந்த ஒரு பையன், ஐந்தாம் மாதம் "நன்றாக இருக்கிறது அண்ணா" என்று சொல்லிவிட்டுக் கால்பந்து ஆடப் போனான். ஒரே ஒரு திருப்பத்தில் மறுபடியும் அறுந்தது. அவன் அன்று தொலைபேசியில் அழுத அழுகை இப்போதும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் இதை இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

நார்வேயிலும் அமெரிக்காவிலும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2016-இல் வந்தது. திருப்பமும் குதிப்பும் உள்ள விளையாட்டுக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அதோடு, அடிபட்ட காலின் தொடை முன்தசையின் பலம் மறு காலின் பலத்தில் 90 சதவீதத்தையாவது தொட்டிருக்க வேண்டும். நாட்காட்டி, பலம் இரண்டும் சேர வேண்டும். ஒன்பது மாதம் ஆகியும் தொடை இளைத்தே இருந்தால் அந்த ஒன்பது மாதத்துக்கு அர்த்தமில்லை. ஒற்றைக் காலில் குதித்துத் தூரத்தை அளக்கும் சோதனைகள் இருக்கின்றன, கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

அறுவை இல்லாமல் திரும்புகிறவர்களுக்கும் இதே சோதனைகள்தான். அவர்களுக்கு நாள்கணக்கு குறையலாம், பலக்கணக்கு குறையாது. எப்படித் திரும்பினாலும் இறங்கும் விதத்தைப் புதிதாகப் பழக வேண்டும்: முட்டி உள்பக்கம் சாயாமல், இடுப்பும் முட்டியும் மடிய, சத்தமில்லாமல் இறங்குவது. கால்பந்துக்காரர்களுக்காக வந்த 'ஃபிஃபா 11+' என்ற இருபது நிமிட வார்ம்அப் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது, பேட்மிண்டனுக்கும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

---

மாலைநேர நடையாளர் எழுதியது:

சிறகடி, நான் உங்கள் அப்பாவுக்காக எழுதுகிறேன். எனக்கு வயது 61. நான்கு வருடத்துக்கு முன்னால் எனக்கும் உள்பக்க மெனிஸ்கஸ் கிழிசல் என்று வந்தது. விழவில்லை, அடிபடவில்லை. ஒரு நாள் நாற்காலியிலிருந்து எழுந்தேன், வலித்தது. துளை போட்டுக் கிழிந்ததை நறுக்கிவிடலாம், ஒரே நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். தேதிகூடக் குறித்தாயிற்று. என் மகள்தான் தடுத்தாள்.

உங்களுக்கு வந்தது புதுத்துணி கிழிந்தது. எங்களுக்கு வந்தது பழைய துணி நைந்தது. இரண்டையும் ஒரே ஊசியால் தைக்க முடியாது. பின்லாந்தில் 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 35 முதல் 65 வயதுவரை, நைந்து கிழிந்த மெனிஸ்கஸ் உள்ள 146 பேர். பாதிப் பேருக்கு உண்மையாக நறுக்கினார்கள், மறு பாதிக்கு உள்ளே பார்த்துவிட்டு, நறுக்குவதுபோல் நடித்துவிட்டு மூடிவிட்டார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து இரண்டு கூட்டமும் ஒரே மாதிரித்தான் இருந்தது.

அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட சாதாரண மக்கள் 991 பேரின் முட்டியை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், 2008-இல் வந்தது. 35 சதவீதம் பேருக்குக் கிழிசல் இருந்தது. அவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதம் முட்டியில் வலியே இல்லை. அப்படியானால் என் ஸ்கேனில் தெரிந்த கிழிசல்தான் என் வலிக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது?

நான் மூன்று மாதம் வாரத்துக்கு மூன்று நாள் தொடைப் பயிற்சி செய்தேன். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, படி ஏறுவது, அப்புறம் சைக்கிள். முதல் மூன்று வாரம் வலி குறையவே இல்லை, விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஆறாவது வாரத்தில் ஒரு நாள் படி இறங்கி முடித்த பிறகுதான் கைப்பிடியைத் தொடவில்லை என்று கவனித்தேன். அப்பாவுக்கு முட்டி மாட்டிக்கொள்ளாமல் இருந்தால், அவரை முதலில் பயிற்சிக்கு அனுப்புங்கள். எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைந்தாலே முட்டிக்குப் பெரிய உதவி. ஸ்டீராய்டு ஊசி எனக்கு ஒருமுறை போட்டார்கள். சில வாரம் இதமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சில வாரத்தைப் பயிற்சி தொடங்கப் பயன்படுத்திக்கொண்டேன்.

---

சிறகடி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

அடுத்த வாரத்துக்குக் குறித்திருந்த தேதியைத் தள்ளிப்போட்டேன். முதல் மருத்துவரிடம் நேரிலேயே போய் மெனிஸ்கஸ் பற்றிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. படத்தைத் திரும்பப் போட்டுக் காட்டி, கிழிசல் சிறியது, விலகி நிற்கவில்லை, இப்போதைக்குத் தைக்க வேண்டிய அவசியம் இல்லை என்றார். முட்டி மாட்டிக்கொண்டாலோ மறுபடி விலகினாலோ காத்திருக்காமல் வரச் சொன்னார். ஆக, இரண்டு மருத்துவரும் இப்போது ஒரே பக்கம்.

அந்தத் துடிப்பு ஏழாம் நாள் வந்தது. அக்கா சொன்ன மாதிரியே, மீன் துள்ளியதுபோல். தங்கையைக் கூப்பிட்டு விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பதினைந்தாம் நாள் காலை மடியாமல் தூக்கினேன், அன்றுதான் ஊன்றுகோலை மறுபடியும் ஓரம் வைத்தேன். ஆமாம், நீங்கள் சொன்ன பிறகு திரும்ப எடுத்துக்கொண்டேன், இரண்டு வாரம். இப்போது நொண்டல் இல்லை. தொடை இன்னும் இளைத்துத்தான் இருக்கிறது, சில்லுக்கு மேலே ஒரு சாண் தள்ளி நாடா வைத்து அளந்தால் வலதைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவு. சமையலறைக்குப் பிறகு ஒருமுறைகூட விலகவில்லை. ஆனால் இன்னும் குதிக்கவோ திரும்பவோ இல்லை என்பதால் அதை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை.

அப்பா சைக்கிளில் உட்கார்ந்துவிட்டார். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். வலி அப்படியேதான் இருக்கிறது என்கிறார். மாலைநேர நடையாளர் ஐயாவின் ஆறாவது வாரத்தைச் சொல்லித்தான் பிடித்து வைத்திருக்கிறேன், இது நான்காவது வாரம்.

நேற்று ராத்திரி குப்புறப் படுத்தேன். தங்கை விரலை நுழைக்கப் பார்த்தாள், நுழையவில்லை. மூன்று மாதம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அன்று ஒற்றைக் கால் சோதனை வைத்திருக்கிறார்கள். என்ன அளவு வந்தாலும் இங்கே வந்து எழுதுகிறேன்.